பழைய காரில் சிகரெட் வாடை: ஒரு மாதமாகப் போகவே மாட்டேன் என்கிறது

மலையடிவாரம், கோவை
ஏப்ரல் 6, இரவு 9.50

வணக்கம் நண்பர்களே. போன மாதம் 2016 மாடல் எலைட் ஐ20 பெட்ரோல் வாங்கினேன். 61,000 கிலோமீட்டர் ஓடியது, நான் ரெண்டாவது ஓனர். தெரிந்த மெக்கானிக்கை வைத்து இன்ஜின், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்தாயிற்று. ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை வாடை. வண்டி பார்க்கப் போனது காலை எட்டு மணிக்கு. நாலு கண்ணாடியையும் இறக்கி வைத்திருந்தார்கள், டேஷ்போர்டில் எலுமிச்சை வாசனை ஜெல் டப்பா ஒன்று. எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அந்த டப்பாவைத் தூக்கிப் போட்ட பிறகுதான் தெரிந்தது. மத்தியான வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் பழைய சிகரெட் வாடை முகத்தில் அடிக்கிறது.

மகளுக்கு ஆறு வயது. வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறோம். பள்ளிக்கு இருபது நிமிடப் பயணம். இந்த வண்டியில் ஏறிய ரெண்டாம் வாரமே இருமல் பிடித்துக்கொண்டது. வண்டிதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் புகை வாடை இருக்கும் இடத்தில் குழந்தையை வைக்காதீர்கள் என்றார். இப்போது மனைவி அவளை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறாள். குழந்தைக்காக வாங்கிய கார் வாசலில் நிற்கிறது.

இதுவரை செய்தது: ஒரு டீடெய்லிங் கடையில் 3,500 ரூபாய்க்கு இன்டீரியர் க்ளீனிங். ரெண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி. அப்புறம் சீட் முழுக்க ஆப்ப சோடா தூவி ஒரு ராத்திரி விட்டு வாக்யூம் போட்டேன். கிண்ணத்தில் காபித்தூள் வைத்தேன். காபியும் சிகரெட்டும் சேர்ந்து முன்னைவிட மோசமாகிவிட்டது. சீட் கவர் மாற்றினால் போகுமா? இல்லை, நஷ்டத்துக்கு விற்றுவிடலாமா?


ரெண்டாவது கியர், சென்னை
ஏப்ரல் 6, இரவு 10.15

ஓசோன் வாயு விட்டு வாடை போக்கும் மெஷின் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். அரை மணி நேர வேலை. என் வண்டிக்கு அப்படித்தான் போயிற்று.


பழைய டயர், திருச்சி
ஏப்ரல் 7, காலை 6.30

தம்பி, விற்க வேண்டாம். ஓசோனுக்கும் இப்போது போகாதீர்கள். இருபத்திரண்டு வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன், இந்த வாடையோடு வந்த வண்டிகள் நிறைய.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது காற்றில் மிதக்கிற வாடை இல்லை. சிகரெட் புகையில் இருக்கும் தாரும் நிகோடினும் ஒரு பிசுக்காக உள்ளே எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிற மாதிரி. வெயில் ஏறினால் அந்தப் படலம் சூடாகி ஆவி விடுகிறது. அதனால்தான் காலையில் தெரியாதது மத்தியானம் தெரிகிறது. வாசனை ஜெல், காபித்தூள், கற்பூரம் எதுவும் அந்தப் பிசுக்கைத் தொடாது. துடைத்து எடுத்தால் மட்டுமே போகும்.

ரெண்டாவது, எங்கே துடைப்பது. எல்லாரும் சீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். புகை மேலேதான் போகும். நீங்கள் சொன்னதில் ரூஃப் லைனிங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைக்கு மேலே இருக்கிற அந்தத் துணிதான் வண்டியிலேயே அதிகம் புகை குடித்தது. டீடெய்லிங் கடைக்காரர்கள் பெரும்பாலும் அதைத் தொட மாட்டார்கள், பயம். துணி, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், அதற்கும் மேல் அட்டை, எல்லாம் பசையில் நிற்கிறது. தண்ணீர் அதிகமானால் பசை விட்டு, துணி பந்தல் மாதிரி தொங்கிவிடும்.

அதனால் க்ளீனர் ஸ்ப்ரேயை ரூஃபில் அடிக்காதீர்கள். துடைக்கிற துணியில் அடியுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். தேய்க்கக் கூடாது. ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துணிப்பக்கம், அழுக்கானதும் மடித்து அடுத்த பக்கம். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முடித்ததும் கதவைத் திறந்து காய விட்டு, மறுநாள் இன்னொரு சுற்று.

மூன்றாவது, ஏசி. அதை அப்புறம் சொல்கிறேன். கடை திறக்க நேரமாகிவிட்டது.


கரும்பலகை, மதுரை
ஏப்ரல் 7, காலை 11.05

பழைய டயர் அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் வேதியியல் சேர்க்கிறேன். பள்ளியில் அதுதான் என் பாடம்.

நிகோடின் ஒரு காரம். அதனால்தான் ஆப்ப சோடா அதனிடம் எடுபடவில்லை, சோடாவும் காரம்தானே. புகை வாடையில் அமிலத் தன்மையுள்ள பொருட்களும் கொஞ்சம் உண்டு, அவற்றை சோடா பிடிக்கும். ஆகவே நீங்கள் செய்தது வீண் இல்லை, பாதி வேலை. நிகோடினுக்கு மென்மையான அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். வினிகரோடு சேர்ந்தால் நிகோடின் உப்பாக மாறித் தண்ணீரில் கரையும், துணியோடு வந்துவிடும். வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் தாரின் எண்ணெய்ப் பிசுக்கும் இளகும். வினிகர் வாடை ஒரு நாளில் பறந்துவிடும்.

தோல் சீட், தொடுதிரை, கருவிப் பலகையின் தெளிவான பிளாஸ்டிக், இவற்றில் வினிகர் வேண்டாம். மற்ற இடத்திலும் கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று, மகளைப் பற்றி எழுதியிருப்பதால் சொல்கிறேன். இது வெறும் வாடைப் பிரச்சினை இல்லை. 2010இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பரப்புகளில் படிந்த நிகோடின், காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்களை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அவற்றில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உண்டு. புகைபிடிப்பவர் ஒருவரின் வண்டிக்குள் இருந்த பரப்புகளிலேயே அதை அளந்தார்கள். குழந்தைகள் எல்லாவற்றையும் தொட்டு, அதே கையை வாயில் வைப்பார்கள். முழுவதும் துடைத்து முடிக்கும்வரை ஸ்கூட்டியே நல்லது. உங்கள் மனைவி செய்வதுதான் சரி.


மலையடிவாரம், கோவை
ஏப்ரல் 12, மாலை 7.20

பழைய டயர் அண்ணே, கரும்பலகை சார், ரெண்டு பேருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன்.

நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். டிரைவர் பக்கத்து சன் வைஸரை ஸ்க்ரூ கழற்றி எடுத்தேன். அதன் அடியில் ரூஃப் லைனிங் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கிறது. அதைச் சுற்றி மற்ற இடமெல்லாம் பழைய வேட்டி மாதிரி மஞ்சள். வைஸர் எந்த வடிவமோ அதே வடிவத்தில் ஒரு வெள்ளைத் தடம், கோடு போட்ட மாதிரி. இத்தனை நாள் ரூஃபின் நிறமே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வினிகர் தண்ணீரில் துணியைப் பிழிந்து டிரைவர் தலைக்கு மேலே ஒரே ஒரு இழுப்பு. துணியில் வந்தது டிகாஷன் நிறம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இதைத்தானே பிள்ளை மூச்சில் இழுத்தாள் என்றாள்.

ரூஃபுக்கு மட்டும் பதினாறு துணி ஆயிற்று, பழைய பனியன்களையும் சேர்த்து. முன் கண்ணாடியின் உள்பக்கத்திலும் அதே கதை, பழுப்பாக ஒரு படலம். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் ஏன் அப்படிச் சிதறியது என்று இப்போது புரிகிறது. பின் கண்ணாடியில் பனி போக்கும் டீஃபாகர் கோடுகள் அறுந்துவிடக் கூடாதென்று கோட்டின் போக்கிலேயே துடைத்தேன்.

வாடை பாதி குறைந்திருக்கிறது. ஆனால் ஏசி போட்ட முதல் ரெண்டு நிமிடம் அப்படியே இருக்கிறது. அண்ணே, ஏசி பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே.


பழைய டயர், திருச்சி
ஏப்ரல் 12, இரவு 9.40

நல்ல வேலை தம்பி. இப்போது ஏசி.

புகைபிடிப்பவர் கண்ணாடியை ஏற்றி, ரீசர்க்குலேஷனில் (உள்ளே இருக்கிற காற்றையே சுற்ற விடுவது) ஏசி போட்டு ஓட்டியிருந்தால், அதே புகை திரும்பத் திரும்ப ப்ளோயர் வழியாகப் போய் கூலிங் காயிலில் பட்டிருக்கும். ஏசி ஓடும்போது காயில் ஈரமாக இருக்கும். ஈரத்தில் புகை ஒட்டும், தூசியும் ஒட்டும். அதுதான் முதல் ரெண்டு நிமிடம் அடிக்கிற வாடை.

உங்கள் ஐ20க்கு க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஏசி காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் இருக்கிறது. க்ளவ் பாக்ஸைத் திறந்து, ரெண்டு பக்கத்திலும் இருக்கிற ஸ்டாப்பரை எடுத்தால் பெட்டி கீழே இறங்கும். எதிரே ஃபில்டர் மூடி. பழையதைக் குப்பையில் போடுங்கள், ஊதிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டாம். புதியது கார்பன் வகை வாங்குங்கள். ஆனால் கடைசியில் மாட்டுங்கள், இப்போதே மாட்டினால் அதுவும் வாடை பிடித்துவிடும்.

ஃபில்டர் இல்லாத நிலையில், இன்ஜின் ஆஃப் செய்து, ஏசி காயில் க்ளீனர் நுரையை அதன் குழாய் வழியாகக் காயில் பக்கம் செலுத்துங்கள். ப்ளோயர் மோட்டார் மேல் அடிக்கக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கிற நேரம் விடுங்கள். நுரை கரைந்து வண்டிக்கு அடியில் தண்ணீர் வடிகிற ட்ரெய்ன் குழாய் வழியாகச் சொட்டும். சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள். அப்புறம் எல்லாக் கதவையும் திறந்து, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, ஏசி போடாமல் கால் மணி நேரம், ஹீட்டரில் இன்னொரு கால் மணி நேரம்.

சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி நெகட்டிவ் எடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்துதான் அதைத் தொட வேண்டும். பழக்கமில்லை என்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள்.


கிளிநொச்சி றோட், யாழ்ப்பாணம்
ஏப்ரல் 13, காலை 8.10

இந்த இழையை வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கும் இதே துன்பம் இருந்தது. என்னுடையது 2014 வாகன் ஆர், யப்பானில் ஓடி இங்கு வந்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு, உள்ளூரில் ஒருவரிட்டை வாங்கினேன். சரியான சிகரெட் மணம். அந்த நேரம் விலை இருந்த இருப்பில் இதை விற்றுப்போட்டு வேறொன்று எடுக்க வழியில்லை.

யப்பானில் ஏலத்துக்கு வரும் வாகனங்களுக்கு ஒரு ஷீட் இருக்கும். அதில் உள்பக்கத்துக்குத் தனியாகத் தரம் போட்டிருப்பார்கள். சிகரெட் மணம், சீற்றில் எரிந்த ஓட்டை எல்லாம் யப்பான் மொழியில் குறித்திருப்பார்கள். எனக்கு விற்றவர் அந்த ஷீட்டைத் தந்தவர்தான், ஆனால் நான் தரத்தை மட்டும் பார்த்தேன். பிறகு மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினால், முதல் வரியிலேயே மணம் பற்றி எழுதிக் கிடக்கிறது. அங்கு சிகரெட் பிடிக்காதவர் ஓட்டிய வாகனத்தை 'கின்என்ஷா' என்று சொல்லியே விளம்பரம் செய்வார்கள். இங்கு இறக்குமதி வாகனம் எடுக்கிற ஆட்கள் அந்த ஷீட்டை முழுதாக வாசிப்பித்துப் பாருங்கோ.

மலையடிவாரம் அண்ணை, நீங்கள் சீற் பெல்ட்டைப் பார்த்தீர்களா? எனக்குக் கடைசி மட்டும் மிச்சம் இருந்த மணம் அதில்தான். சுருண்டு உள்ளுக்குக் கிடக்கும் பகுதியை ஒருவரும் கழுவுவதில்லை. முழுதாக இழுத்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் மேலே இறுக்கிவிட்டு, சவர்க்காரத் தண்ணியால் கழுவுங்கோ. நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளுக்கு விட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.


ரெண்டாவது கியர், சென்னை
ஏப்ரல் 13, மதியம் 1.30

பழைய டயர் எழுதியது: "ஓசோனுக்கும் இப்போது போகாதீர்கள்."

ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா? எனக்கு வேலை செய்தது. மூன்று வருடமாக வாடை இல்லை. இத்தனை துணியும் ஞாயிற்றுக்கிழமைகளும் எதற்கு?


கரும்பலகை, மதுரை
ஏப்ரல் 13, மாலை 5.45

நான் பதில் சொல்கிறேன். ஓசோன் வாடை மூலக்கூறுகளை உடைக்கும் என்பது உண்மை. லேசாகப் புகைத்த வண்டிக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம், உங்கள் வண்டி அப்படி இருந்திருக்கும். ஆனால் டிகாஷன் நிறத்தில் பிசுக்கு வருகிற வண்டியில் ஓசோன் மேல்தோலை மட்டும்தான் தொடும். அடியில் இருப்பது மெல்ல மேலே வரும். ஓசோன் நிகோடினோடு சேரும்போது மிக நுண்ணிய துகள்கள் புதிதாக உண்டாகின்றன. வீசிங் உள்ள குழந்தை ஏறப்போகிற வண்டியில் அது வேண்டாம். ரப்பரிலும் ஓசோன் வெடிப்பு விழ வைக்கும். கதவு பீடிங் எல்லாம் ரப்பர்தான்.

துடைத்து முடித்து, மிச்சம் ஒரு துளி வாடை இருக்கிறது என்றால் கடைசியில் ஒரு முறை செய்யலாம். வண்டிக்குள் ஆள், செடி, பிராணி எதுவும் இருக்கக் கூடாது. முடிந்ததும் நாலு கதவையும் திறந்து வைத்து ரெண்டு மணி நேரம் கழித்து ஏறுங்கள். வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு ஓசோன் அளவு 0.1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு) தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. அவ்வளவு சிறிய அளவுக்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.


ரெண்டாவது கியர், சென்னை
ஏப்ரல் 13, மாலை 6.05

சரி, புரிந்தது. என் வண்டியில் முன்னாடி இருந்தவர் எப்போதாவது பிடிப்பவர்தான். மலையடிவாரம், நான் முதலில் சொன்னதை விட்டுவிடுங்கள்.


தாழம்பூ, தஞ்சாவூர்
ஏப்ரல் 14, காலை 9.00

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும். எங்கள் வீட்டில் காரில் அந்துருண்டை ரெண்டு போட்டு வைப்போம், எந்த வாடையும் தெரியாது. முயன்று பாருங்கள்.


கரும்பலகை, மதுரை
ஏப்ரல் 14, காலை 9.25

தாழம்பூ, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் ஆவி மூடிய காருக்குள் சேரும். ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது.


தாழம்பூ, தஞ்சாவூர்
ஏப்ரல் 14, காலை 9.40

இப்போதே எடுத்துவிட்டேன் சார். பேரன் கைக்குழந்தை. சொன்னதற்கு நன்றி.


மலையடிவாரம், கோவை
மே 4, இரவு 8.30

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடுவில் ரெண்டு ஞாயிறும் மே தினமும் இதற்கே போயிற்று.

ஏசி வேலை அண்ணன் சொன்னபடி. பழைய கேபின் ஃபில்டரை இழுத்தபோது அதன் மடிப்பில் வேப்பிலைச் சருகோடு சாம்பல் பொடி. ட்ரெய்னில் சொட்டிய தண்ணீர் முதலில் டீ நிறம், மூன்றாவது முறை தெளிவு. ஒரே நாளில் ரெண்டு டப்பா நுரை.

முன் சீட் ரெண்டையும் மெக்கானிக் கழற்றிக் கொடுத்தார், மஞ்சள் கனெக்டர் இருந்தது, பேட்டரி எடுத்துத்தான். சீட் தண்டவாளத்தின் இடுக்கில் பதினோரு சிகரெட் துண்டுகள். கடை ஆட்கள் மேலே பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டு, சீட்டைப் பின்னால் நகர்த்திக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்தது. வாடை சொல்லி, குழந்தை இருப்பதைச் சொல்லித்தான் பணம் கொடுத்தேன்.

சீட்டுக்கு வெந்நீரும் ஷாம்புவும் போட்டு, வெட் வாக்யூம் வாடகைக்கு எடுத்து உறிஞ்சினேன். மொட்டை மாடியில் ரெண்டு நாள் வெயில். கோவையில் இந்த வருடம் வெயில் அடித்த அடிக்கு ஃபோம் உள்வரை காய்ந்துவிட்டது. இதை ஐப்பசி, கார்த்திகையில் யாரும் செய்துவிடாதீர்கள். காயாமல் பூஞ்சை பிடித்தால் சிகரெட் வாடையே மேல் என்றாகிவிடும். கார்ப்பெட்டும் அப்படியே.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன பெல்ட்! டிரைவர் பெல்ட்டை முழுசாக இழுத்தபோது கடைசி ஒரு முழம் வேறு நிறம். பக்கெட் தண்ணீரில் முக்கிப் பிழிந்தேன். மூன்று பக்கெட் மாற்ற வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதை நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்த பின் புது கார்பன் ஃபில்டர், ஆக்டிவேட்டட் கார்பன் பை ரெண்டு சீட்டுக்கு அடியில். வீட்டு அடுப்புக்கரியும் அதுவும் ஒன்றல்ல, வாங்கித்தான் வைத்தேன். வெயிலில் நாலு மணி நேரம் மூடி வைத்துத் திறந்து பார்த்தேன். துணி துவைத்த வாடைதான் வந்தது. எனக்கு மூக்கு பழகிவிட்டதோ என்று சந்தேகம், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்காரச் சொன்னேன். புது சீட் கவரா என்று கேட்டார்.


புதுப் பயணி, சேலம்
மே 5, காலை 10.10

நான் அடுத்த வாரம் பழைய கார் பார்க்கப் போகிறேன். வாங்கும் முன்னாலேயே இதை எப்படிக் கண்டுபிடிப்பது?


பழைய டயர், திருச்சி
மே 5, இரவு 9.15

மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் போங்கள். நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். கதவைத் திறந்த முதல் மூச்சுதான் கணக்கு, அதற்கு மேல் மூக்கு பழகிவிடும். வாசனை டப்பா தொங்கினால் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து எடுத்துப் போங்கள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு ஓரமாகத் துடையுங்கள், முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு மூலையில் துடையுங்கள். தூசி என்றால் சாம்பல் நிறம் வரும், புகை என்றால் மஞ்சளும் பழுப்பும். டிரைவர் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பாருங்கள். ஏசியை ரீசர்க்குலேஷனில் போட்டு வெண்ட் பக்கத்தில் மூக்கை வையுங்கள். வண்டி மற்றபடி நன்றாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இந்த இழையைக் காட்டி விலையைக் குறைத்து, மூன்று ஞாயிறு ஒதுக்குங்கள்.


கிளிநொச்சி றோட், யாழ்ப்பாணம்
மே 6, காலை 7.40

மலையடிவாரம் அண்ணை, மகள் ஏறினவவோ?


மலையடிவாரம், கோவை
மே 6, இரவு 9.05

ஏறினாள். பள்ளி விடுமுறை என்பதால் மருதமலைவரை போய் வந்தோம், போக வர ஒன்றரை மணி நேரம், ஏசி போட்டு. இருமல் இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் தினமும் போகும்போது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். பின் சீட் நடு பெல்ட்டை மட்டும் இன்னும் கழுவவில்லை, வருகிற ஞாயிறு அது.